இரவில் பயம், காலையில் 240

கேள்வி: எனக்கு 27 வயது, டாக்டர். 16 வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். இரவு நீண்ட நேர இன்சுலின் 20 யூனிட், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து வேகமான இன்சுலின் ஏறக்குறைய 20 யூனிட் போடுகிறேன். போன மாதம் எச்பிஏ1சி 8.6 வந்தது. போன வருடம் ஒருநாள் விடியற்காலை 3 மணிக்குச் சர்க்கரை மிகவும் குறைந்து லோ ஆகி, வியர்வையில் நனைந்து கிடந்தேன். தம்பிதான் பார்த்து எழுப்பினான். அன்றிலிருந்து 200-க்கு மேல் இருந்தால்தான் படுக்கவே மனம் வருகிறது. படுக்கும் முன் பிஸ்கட்டோ பாலோ சாப்பிட்டுவிடுவேன், அதற்கு ஊசி போடுவதில்லை. காலையில் எழுந்தால் 240, 250. டிபனுக்கு ஊசி போட்டபின் 11 மணி வாக்கில் 60-க்குக் கீழே போய்விடுகிறது. கை நடுக்கம் நிற்கும்வரை எதையாவது சாப்பிடுவேன். ஒரு மணி நேரத்தில் 290. பயந்துபோய் 6 யூனிட் போடுவேன், இரண்டு மணி நேரத்தில் இறங்காவிட்டால் இன்னொரு 4. சாயங்காலம் மறுபடி லோ. சாப்பாட்டு ஊசியைச் சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன், முன்னால் போட பயம். வயிற்றில் ஒரே இடத்தில் போடுவதால் நல்லவேளையாக வலி தெரிவதில்லை. டாக்டரிடம் திட்டு வாங்கக்கூடாது என்று நோட்டில் காலை எண்ணை 130, 140 என்று மாற்றி எழுதி வருகிறேன். அவர் டிபன் ஊசியை இரண்டு முறை கூட்டிவிட்டார். எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லையா? எங்கிருந்து சரிசெய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, நீங்கள் சொன்ன ஒரு நாளை நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரவு 10 மணி, காலை 7, முற்பகல் 11, நண்பகல் 12, பிற்பகல் 2, மாலை 5 என்று வரிசையாக எழுதியதும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. உங்கள் சர்க்கரை கண்டபடி ஏறி இறங்கவில்லை. ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த வட்டம் தொடங்குமிடம் இரவில் லோ ஆகிவிடுமோ என்ற உங்கள் பயம். ஆகவே கட்டுப்பாடு இல்லையா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை என்பதுதான். ஒரு விடியற்காலையில் உயிர்பயத்தைப் பார்த்த எவரும் நீங்கள் செய்ததைத்தான் செய்வார்கள். உங்கள் ஏற்றங்களை இறக்க வேண்டுமானால் முதலில் உங்கள் லோக்களை நிறுத்தியாக வேண்டும். இந்தப் பதில் முழுக்க அதைப் பற்றித்தான்.

வட்டத்தைச் சொல்கிறேன், உங்கள் எண்களோடு ஒத்துப் பாருங்கள். இரவு 200-க்கு மேல் இருக்கும்போது ஊசியில்லாமல் பிஸ்கட் சாப்பிடுகிறீர்கள். அதனால் காலையில் 240. இதில் மர்மம் எதுவும் இல்லை. நோட்டிலோ 130 என்று இருக்கிறது. உங்கள் டாக்டர் அதைப் பார்க்கிறார், பக்கத்தில் எச்பிஏ1சி 8.6 என்று இருப்பதையும் பார்க்கிறார். 8.6 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை ஏறக்குறைய 200. காலை எண் நன்றாக இருந்தும் சராசரி 200 என்றால், சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஏறுகிறது என்று எந்த டாக்டரும் முடிவுகட்டுவார். நானாக இருந்தாலும் அப்படித்தான். டிபன் ஊசியைக் கூட்டுகிறார், 11 மணிக்கு நீங்கள் லோ ஆகிறீர்கள். அந்த லோவுக்கு அளவில்லாமல் சாப்பிடுகிறீர்கள், 290 ஆகிறது. அதற்கு ஊசி மேல் ஊசி, மாலையில் மறுபடி லோ. ஒரே நாளில் இரண்டு முறை லோ ஆனவருக்கு இரவில் 200-க்குக் கீழே படுக்க எப்படி மனம் வரும்? மறுபடி பிஸ்கட்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நோட்டில் எண்ணை மாற்றி எழுதுவது நீங்கள் நினைப்பதைவிடப் பரவலாக நடப்பது. பெரும்பாலும் அது எங்கள் தவறு. எண்ணைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் டாக்டரிடம் யார் உண்மையை எழுதுவார்கள்? அடுத்த முறை போகும்போது, "இதுவரை எழுதியது சரியான எண் இல்லை, காலையில் உண்மையில் 240 இருந்தது" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள். அதைச் சொன்ன நிமிடமே டிபன் ஊசியின் கணக்கு மாறிவிடும்.

இப்போது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். "ஒரே இடத்தில் போடுவதால் வலி தெரிவதில்லை." கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வரிதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டால் தோலுக்கடியில் கொழுப்புத் திசு தடித்துக் கட்டிபோல் ஆகிவிடும். அங்கே உணர்ச்சி மங்கிவிடுவதால் வலிக்காது. வலிக்காததால் கை தானாக அங்கேயே போகும். ஆனால் அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் எப்போது இரத்தத்தில் கலக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருநாள் பாதிதான் வேலை செய்யும், இன்னொரு நாள் தாமதமாக, நீங்கள் எதிர்பாராத நேரத்தில் சேர்ந்து இறங்கும். 2013-இல் ஸ்பெயினில் இன்சுலின் போடும் 430 பேரைச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இந்தக் கட்டி இருந்தது. காரணம் தெரியாத லோக்கள் கட்டி உள்ளவர்களிடம்தான் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டன.

குளித்துவிட்டு வந்து, விரல்களில் கொஞ்சம் சோப்போ எண்ணெயோ தடவிக்கொண்டு, வயிற்றை மெதுவாக நீவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். சுற்றியுள்ள தோல் மெத்தென்று இருக்க, ஓரிடம் மட்டும் ரப்பர் போலத் தட்டுப்படும், கிள்ளினால் மடிப்பு தடிமனாக வரும். பேனாவால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். சில மாதங்களுக்கு அந்த வட்டத்துக்குள் ஊசி போகக்கூடாது. வயிற்றின் மற்ற பகுதிகள், தொடை, பிட்டம் என்று இடம் மாற்றி, ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடைவெளியாவது விட்டுப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. மழுங்கிய முனையும் கட்டியை வளர்க்கும். இன்சுலின் பேனாவை அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டு எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கட்டியிலிருந்து நல்ல தோலுக்கு மாறும் நாளில், அதே 20 யூனிட் முன்பைவிட வலுவாக வேலை செய்யும். அதனால் அளவைக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும். அவரைப் பார்க்காமல் நாளைக்கே எல்லா ஊசியையும் இடம் மாற்றிவிடாதீர்கள். மாற்றும் முதல் சில நாட்கள் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 11 மணி லோ. அது வராமல் செய்வது ஊசி அளவைச் சரிசெய்வதில் இருக்கிறது, வந்தால் கையாள்வது உங்கள் கையில் இருக்கிறது. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் வேகமான சர்க்கரை. நான்கு கிராம் குளுக்கோஸ் மாத்திரை என்றால் நான்கு, இல்லையேல் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது அரை டம்ளர் பழச்சாறு. சாக்லேட்டும் பாலும் பிஸ்கட்டும் இந்த நேரத்துக்கு ஆகாது, கொழுப்பு சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். சாப்பிட்டபின் 15 நிமிடம் காத்திருந்து மறுபடி சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம்.

சொல்வது சுலபம், அந்த 15 நிமிடம் எவ்வளவு நீளமானது என்று உங்களுக்குத்தான் தெரியும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடச் சொல்லி மூளை கத்தும். அந்தப் படபடப்பு அட்ரினலின் செய்யும் வேலை. சர்க்கரை 90-க்கு ஏறியபிறகும் அது அடங்கச் சற்று நேரமாகும். நடுக்கம் நிற்கும்வரை சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டால் தேவையைப்போல் மூன்று நான்கு மடங்கு உள்ளே போய்விடும். நடுக்கத்தை அளவுகோலாக வைக்காதீர்கள், மீட்டரை வையுங்கள். நான் என்னிடம் வருபவர்களுக்குச் சொல்லும் ஒரு வழி: நான்கு மாத்திரைகளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, பையில் ஒன்று, படுக்கையருகில் ஒன்று, வேலைமேசையில் ஒன்று வைத்துவிடுங்கள். லோ ஆன மூளைக்குக் கணக்குப் போடத் தெரியாது. கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்துவிட வேண்டும்.

290-க்கு வருவோம். நீங்கள் ஒரு நாளைக்கு மொத்தம் 40 யூனிட் போடுகிறீர்கள். 1800-ஐ அந்த மொத்தத்தால் வகுத்தால், ஒரு யூனிட் வேகமான இன்சுலின் உங்களுக்கு எவ்வளவு சர்க்கரையை இறக்கும் என்று தோராயமாகத் தெரியும்: 45. இது டாக்டர்கள் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளும் கணக்கு, பின்னர் ஆளுக்கேற்ப மாற்றுவோம். 290-இலிருந்து 120-க்கு வர 170 இறங்க வேண்டும். நாலு யூனிட்டுக்கும் குறைவு. நீங்கள் போட்டது 6. அது முழுசாக வேலை செய்தால் 270 இறங்கும். கழித்துப் பாருங்கள், 20 வருகிறது. அவ்வளவு தூரம் போகாமல் இதுவரை உங்களைக் காப்பாற்றியது, சாப்பிட்டது இன்னும் ஏறிக்கொண்டிருந்ததும், ஒருவேளை அந்தக் கட்டியும்தான். கட்டி இருப்பதாலேயே அந்த 45-ஐயும் இப்போதைக்கு முழுதாக நம்ப முடியாது. இடம் மாற்றி, அளவுகள் நிலைபட்டபின் டாக்டரோடு உட்கார்ந்து உங்களுக்கான எண்ணைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள்.

வேகமான இன்சுலின் போட்ட 10 முதல் 20 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நான்கு ஐந்து மணி நேரம்வரை உடம்பில் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் மீட்டரில் 250 என்று பார்த்து நீங்கள் இன்னொரு 4 போடும்போது, முதல் ஊசியில் கிட்டத்தட்ட பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. நடுவில் மதியச் சாப்பாட்டு ஊசி வேறு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து இறங்கும் நேரம்தான் உங்கள் மாலை 5 மணி. ஏறிய சர்க்கரையை இறக்கப் போடும் திருத்த ஊசி ஒன்று போட்டால், அடுத்த திருத்தத்துக்கு நான்கு மணி நேரம் பொறுங்கள். லோவுக்குப் பின் வரும் ஏற்றத்துக்கு உடனே ஊசியைத் தொடாதீர்கள், அடுத்த சாப்பாட்டு வேளையில் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். பயமுறுத்தும் எண் வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு இன்னொரு முறை சோதியுங்கள். பழம் உரித்த கையோடு குத்தி 300-க்கு மேல் காட்டி, கழுவிவிட்டுப் பார்த்தால் 120-க்குள் இருந்ததை என் எதிரிலேயே பார்த்திருக்கிறேன். அந்த முதல் எண்ணுக்கு ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இனி இரவு. எல்லாவற்றையும்விட இதுதான் உங்களுக்கு வேண்டியது என்று எனக்குத் தெரியும். இரவு நீண்ட நேர இன்சுலினின் அளவு சரியா என்பதை ஊகிக்க வேண்டாம், சோதித்தே பார்த்துவிடலாம். இடம் மாற்றி ஓரிரு வாரம் ஆனபின், பகலில் லோ ஆகாத, கடினமான உடற்பயிற்சி செய்யாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இரவுச் சாப்பாட்டையும் அதற்கான ஊசியையும் சீக்கிரமே முடித்து, நான்கு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். 120-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் எதுவும் சாப்பிடாமல் படுத்து, 3 மணிக்கு ஒன்று, எழுந்ததும் ஒன்று பாருங்கள். அலாரம் வையுங்கள், தம்பியிடமும் சொல்லி வையுங்கள். தோலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சர்க்கரையைக் காட்டும் சென்சார் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது, 80 ஆகும்போதே அலாரம் அடிக்கும்படி வைக்கலாம். சென்சார் மேலேயே அழுத்திப் படுத்தால் பொய்யாக லோ காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், விரலில் குத்தி உறுதிசெய்துகொள்ளுங்கள். இப்படி இரண்டு மூன்று இரவு பாருங்கள். படுத்தபோதும் 3 மணிக்கும் எழுந்தபோதும் எண் 30, 40-க்குள்தான் மாறுகிறது என்றால் அளவு சரி. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகிறது என்றால் அளவு அதிகம், உங்கள் பயம் இவ்வளவு நாளும் நியாயமாகவே இருந்திருக்கிறது, குறைக்க வேண்டும். 3 மணிவரை சமமாக இருந்து அதன்பின் மட்டும் ஏறுகிறது என்றால், விடியற்காலையில் எல்லார் உடம்பிலும் சுரக்கும் கார்ட்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளுகின்றன என்று பொருள். அதற்கு வைத்தியம் வேறு. 3 மணிக்கு லோவாக இருந்தால் உடனே 15 கிராம் சாப்பிட்டுவிட்டுச் சோதனையை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

போன வருடத்து லோவை உங்கள் தம்பி தற்செயலாகத்தான் பார்த்திருக்கிறார். தற்செயலை நம்பியிருக்க வேண்டாம். சர்க்கரையை அவசரமாக ஏற்றும் குளூக்கோகான், ஊசியாகவோ மூக்கில் அடிக்கும் மருந்தாகவோ கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டு வீட்டில் வையுங்கள், எப்படிக் கொடுப்பது என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுங்கள். நினைவில்லாதபோது வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். மூச்சுக்குழாயில் போய்விடும். நடுக்கம், வியர்வை என்ற அறிகுறிகளே தெரியாமல் எண் 55-க்குக் கீழே போகத் தொடங்கினால் அதைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடிக்கடி லோ ஆவதால் உடம்பு எச்சரிப்பதை நிறுத்திக்கொள்ளும். சில வாரங்கள் லோ ஆகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அந்த எச்சரிக்கை திரும்பி வரும்.

சாப்பிடுவதற்கு முன் ஊசி போடுவதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன், வேண்டுமென்றே. சாப்பாட்டின் சர்க்கரை இன்சுலினைவிட வேகமாக ஏறுகிறது, அதனால் 15 நிமிடம் முன்னால் போட்டால் ஏற்றம் நன்றாகக் குறையும். ஆனால் இடம் மாற்றி, டிபன் ஊசியின் அளவு திருந்தி, 11 மணி லோ நின்றபிறகுதான் இதற்கு வர வேண்டும். அப்போதும் ஒரு வேளையில் மட்டும், ஐந்து நிமிடம் முன்னால் என்று தொடங்குங்கள். சாப்பிடும் முன் 80-க்குக் கீழே இருந்தால் காத்திருக்கவே கூடாது.

இத்தனையும் எதற்கு என்று சலிப்பு வரலாம். 1983-இலிருந்து 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 உள்ள 1,441 பேரைப் பின்தொடர்ந்த டி.சி.சி.டி. ஆய்வில், எச்பிஏ1சி ஏறக்குறைய 7-இல் இருந்தவர்களுக்கு, 9 வாக்கில் இருந்தவர்களைவிட விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு ஆபத்தான லோக்கள் மூன்று மடங்கு வந்தன. அன்றைக்கு இன்றைய இன்சுலின்களும் இல்லை, சென்சாரும் இல்லை. உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவும் காரணம். 8.6-இலிருந்து ஒரே மூச்சில் 7-க்கு ஓட வேண்டாம். லோக்கள் குறைந்து 8-க்கு வந்தாலே உங்கள் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அது பெரிய லாபம். வேகமாக இறக்கினால் ஏற்கெனவே கண்ணில் பாதிப்பு இருப்பவர்களுக்குத் தற்காலிகமாக அது கூடவும் செய்யும். ஆகவே மாற்றங்களைத் தொடங்கும் முன் கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சென்சார் வைத்தால் எச்பிஏ1சியைவிட நல்ல அளவுகோல் கிடைக்கும்: நாளின் 70 சதவீதத்துக்கு மேல் 70-க்கும் 180-க்கும் இடையில், 4 சதவீதத்துக்குக் குறைவாக 70-க்குக் கீழே. முதலில் அந்த 4-ஐப் பிடியுங்கள்.

எந்தக் குழப்பத்திலும் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். காய்ச்சல், வாந்தி, சாப்பிட முடியவில்லை என்று நீண்ட நேர இன்சுலினை நிறுத்தாதீர்கள். உடம்பு சரியில்லாத நாளில் 250-க்கு மேல் இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) சோதியுங்கள். வாந்தி நிற்காமல், வயிறு வலித்து, மூச்சு ஆழமாக வாங்கினால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

டாக்டரைப் பார்க்கும் தேதி எப்போது என்று எழுதவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். அதுவரை ஊசி அளவைக் கூட்டாதீர்கள். லோவுக்கு 15 கிராம், திருத்த ஊசிகளுக்கு நடுவில் நான்கு மணி நேரம், இந்த இரண்டையும் இன்றைக்கே தொடங்கலாம். டிபன் ஊசிக்குப் பின் தினமும் லோ ஆகிறது என்பதைத் தொலைபேசியிலாவது அவரிடம் சொல்லிவிடுங்கள், அது காத்திருக்க வேண்டிய விஷயம் அல்ல. பழைய நோட்டை மூடிவைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கி, எண்ணோடு நேரத்தையும், ஊசி போட்ட இடத்தையும், சாப்பிட்டதையும் எழுதுங்கள். மறுபடி எனக்கு எழுதும்போது அந்த நோட்டிலிருந்து ஒரு வாரத்தை அனுப்புங்கள், 3 மணி எண்களோடு.